கொலனோஸ்கோப்பி: மருந்து குடித்தும் குடல் சுத்தமாகாதது ஏன்?

கொலனோஸ்கோப்பிக்கு, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனைக்கு முன், சொன்ன பேதி மருந்தை முழுக்கக் குடித்தும் "குடல் சுத்தமாக இல்லை, மறுபடி வாருங்கள்" என்று திருப்பி அனுப்பியது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோளாறு பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் முன்பே, சாப்பாட்டில் தொடங்கிவிடும். கீரை, கொய்யா, தக்காளி விதை எல்லாம் குடல் மடிப்பில் ஒட்டிக்கொள்ளும். கருவியின் உறிஞ்சு குழாயையும் அடைக்கும். இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கிப் பிசுபிசுக்க வைக்கும். அதை ஒரு வாரம் முன்பே நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அடுத்த தவறு, இரண்டு லிட்டர் மருந்துக் கரைசலையும் முந்தின இரவே குடித்து முடிப்பது. விடிவதற்குள் சிறுகுடலிலிருந்து இறங்கும் பித்தநீர் வலப்பக்கப் பெருங்குடலில் படிந்துவிடும். தட்டையான பாலிப்புகள் (குடலின் உள்சுவரில் வளரும் சிறு சதை வளர்ச்சிகள்) கண்ணுக்குத் தப்புவதும் அங்கேதான். இரவில் ஒரு லிட்டர், பரிசோதனைக்கு ஐந்தாறு மணி நேரம் முன்பு மீதி. கால் மணிக்கு ஒரு டம்ளர். குமட்டினால் அரை மணி நேரம் நிறுத்தி, குளிரவைத்துத் தொடருங்கள். சிவப்பு நிற ஜூஸ் வேண்டாம், உள்ளே ரத்தம்போலத் தெரியும்.

கடைசியாகப் போவது சிறுநீர்போலத் தெளிந்த மஞ்சளாக இருக்க வேண்டும். கலங்கிய பழுப்பாக இருந்தால் கிளம்பும் முன்பே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள்.

சலித்துப்போய் மறுபரிசோதனையை விட்டுவிடாதீர்கள். பாலிப் புற்றாக மாறப் பெரும்பாலும் பத்தாண்டு ஆகும். கண்ணில் பட்டால் பெரும்பாலும் அப்போதே வெட்டி எடுத்துவிடலாம்.