மலை விழும் என்று பாடியவனுக்குத் தெரியும்

ஐயா,
நான் மூணாறு எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். இப்போது திருப்பூரில் வேலை. பெட்டிமுடி நிலச்சரிவில் என் பள்ளித் தோழன் குடும்பத்தோடு போய்விட்டான். அதன்பிறகு ஊருக்கே போகவில்லை. சபையில் ‘கர்த்தர் என் கன்மலை’ என்று பாடும்போது வாய் அடைத்துக்கொள்கிறது. இயற்கையைக் காட்டிக் கடவுளைச் சொல்வதே தவறா? சைவர்களும் சூஃபிகளும்கூட அப்படித்தானே சொல்கிறார்கள்? இதுபற்றி என்ன நூல்கள் வாசிக்கலாம்?

அன்புள்ள தம்பிக்கு,

புத்தகப் பட்டியல் தரமாட்டேன். சைவம், சூஃபி எல்லாம் துக்கத்தைப் பேசக் கூச்சப்பட்டு நீங்கள் நடுவில் நுழைத்தது. பாட வரவில்லையென்றால் பாடாதீர்கள். சும்மா உட்கார்ந்திருப்பதும் ஜெபம்தான்.

ஆனால் மலை என்றால் அசையாதது, பத்திரமானது என்று உங்களுக்கு யார் சொன்னது? காலையில் வாட்ஸ்அப்பில் வருமே, பனி மூடிய சிகரம், மேலே மஞ்சள் எழுத்தில் பாதி வசனம். அதுவா? லயத்தில் பிறந்தவர் நீங்கள். கோபமாக வருகிறது.

என் ஆச்சி கயத்தாறு பக்கத்திலிருந்து கொழுந்து கிள்ள மலையேறியவள். கடைசிக் காலத்தில் மறையூரில் என்னோடு இருந்தாள். இது மழைமறைவுப் பக்கம். மூணாறில் கொட்டித் தீர்த்த மேகம் இங்கே பேருக்குத் தூறும். அப்படியும் ஆடி மாதம் ராத்திரியில் எழுந்து, கதவைத் திறந்து காது கொடுப்பாள். எஸ்டேட் பழக்கம். பேய்மழையில் ஓடைச் சத்தம் சட்டென்று குறைந்தால் மேலே எங்கோ மண் விழுந்து அடைத்திருக்கிறது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடு என்பாள். திரும்ப வந்து படுத்து பைபிளின் 121ஆம் சங்கீதத்தை முணுமுணுப்பாள். ‘பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்.’ அவள் மலையை நம்பியவள் இல்லை, மலைக்குப் பயந்தவள். ஒத்தாசை வருவது வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரிடமிருந்து என்று அடுத்த வசனம் சொல்கிறதே, வாட்ஸ்அப் படத்தில் அது இருக்காது.

46ஆம் சங்கீதத்தை எடுங்கள். தேவன் அடைக்கலம் என்று சொன்ன கையோடு ‘மலைகள் நடுச்சமுத்திரத்தில் சாய்ந்துபோனாலும்’ என்கிறது. பாடியவனுக்கு மலை விழும் என்று தெரியும். தெரிந்துதான் பாடினான். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி 70 பேர் போனதும் அந்தப் பாட்டுக்குள் அடக்கம்தான். நீங்கள்தான் அதை வெளியே நிறுத்திவிட்டு, பாட்டு பொய் என்கிறீர்கள்.

ஏன் அவர்கள் என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. ‘தேவசித்தம்’ என்று ஆறுதல் சொல்ல வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அப்படிப்பட்ட சரிவுக்குக் கீழே ஏன் லயம் இருந்தது என்பது மனிதர்களிடம் கேட்கவேண்டிய கேள்வி. அதைக் கடவுள் தலையில் கட்டினால் பதில் சொல்லவேண்டியவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

அப்புறம், ஊருக்குப் போகவில்லை என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தோழனின் சொந்தக்காரர்கள் வருஷாவருஷம் ராஜமலைக் கல்லறைக்கு வருவார்கள். இந்த ஆகஸ்டில் நீங்களும் போங்கள். திருப்பூரிலிருந்து உடுமலை வழியாக வந்தால் மறையூரைத் தாண்டித்தான் போகவேண்டும். முதல் நாளே சொல்லிவிடுங்கள், இங்கே சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.