வாசகர் கேள்வி: எழுத்து அழிந்த ஸ்விட்சுகள்

லடாக் பயணத்துக்கென்று கட்டிய பழைய கேரவன் ஒன்றை வாங்கியிருக்கிறோம். கதவுக்கு மேல் 5 ஸ்விட்சுகள். எல்லாவற்றிலும் ஸ்டிக்கர் அழிந்துவிட்டது. மூன்றைப் போட்டால் சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது, வேறொன்றும் நடக்கவில்லை. எலக்ட்ரீஷியன், ‘வயர் போயிருக்கு, கழற்றிவிடலாம்’ என்கிறார். அக்டோபரில் லே வரை போக ஆசை. என்ன செய்வது?
- வாசகர், நாகப்பட்டினம்

தயவுசெய்து கழற்ற விடாதீர்கள். அந்த மூன்றும் பெரும்பாலும் நல்ல தண்ணீர் டேங்க், கழிவுநீர் டேங்க், குழாய் ஆகியவற்றின் ஹீட்டர்களாக இருக்கும். இவற்றில் தெர்மோஸ்டாட் உண்டு. சுமார் 7 டிகிரிக்கு இறங்கினால்தான் கரண்ட் பாயும், 18 டிகிரி வாக்கில் நின்றுவிடும். மார்கழி விடியலிலும் நாகையில் அந்தக் குளிர் ஏது? விளக்கு எரிந்தால் ஸ்விட்ச் வரை மின்சாரம் வருகிறது என்று மட்டுமே அர்த்தம்.

சோதிக்க ஐஸ் போதும், உங்கள் மீன்பிடித் துறைமுகத்தில் அதற்குப் பஞ்சமில்லை. முதலில் டேங்கில் பாதிக்குமேல் தண்ணீர் நிரப்புங்கள். காலி டேங்கில் ஹீட்டர் ஓடினால் பிளாஸ்டிக் இளகும். இன்ஜின், சோலார், வெளி மின்சாரம் மூன்றையும் நிறுத்திவிட்டு, வீட்டுப் பேட்டரியின் (இன்ஜினுக்கல்ல, வண்டிக்குள் விளக்கு, ஹீட்டர்களுக்கானது) நெகட்டிவ் வயரில் கிளாம்ப் மீட்டரை (வயரைக் கவ்வி கரண்ட் அளக்கும் கருவி) மாட்டுங்கள். டிசி அளக்கிற மீட்டராக இருக்க வேண்டும். ஏசி மட்டும் அளப்பது பூஜ்யம்தான் காட்டும். டேங்கின் அடியில் ஒட்டியிருக்கும் ஹீட்டர் பட்டையில், காசு அளவுக்குப் புடைத்திருப்பதுதான் தெர்மோஸ்டாட். மூன்றில் ஒரு ஸ்விட்சை மட்டும் போட்டுவிட்டு, நுணுக்கிய ஐஸைப் பாலிதீன் பையில் கட்டி அதன்மேல் 10 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். 100 வாட் பட்டை என்றால் மீட்டர் 8 ஆம்பியர் அளவுக்கு ஏறும். ஏறியதும் அந்த ஸ்விட்சின் மேல் டேப் ஒட்டிப் பெயர் எழுதிவிடுங்கள்.

ஏறவில்லையா? முதலில் பியூஸைப் பாருங்கள் (10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம்). அதுவும் சரியாக இருந்தால் நெகட்டிவ் வயர் வண்டியின் இரும்போடு சேரும் பாடி எர்த் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். கடற்காற்றில் நின்ற வண்டியில் பச்சை பூத்திருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வாஸ்லின் தடவி இறுக்குங்கள். நம் பக்கத்து வண்டிகளில் பாதிக் கோளாறு இங்கேதான்.

நான்காவது ஸ்விட்ச் முதலில் 8, 10 ஆம்பியர் இழுத்து, சில நிமிடத்தில் 2-க்கும் கீழே இறங்கினால் அது டீசல் ஹீட்டர். அதை அதன் ஸ்விட்சில்தான் அணைக்க வேண்டும். மெயினை இறக்கினால் மின்விசிறி நின்று, உள்ளே சூடு தங்கிக் கரி படியும். புகைக்குழாய் அடைபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் அந்த வண்டியில் ஹீட்டர் போட்டுத் தூங்காதீர்கள்.

விரலை எடுத்ததும் திரும்பிவிடும் ஸ்விட்ச், வீட்டுப் பேட்டரியை இன்ஜின் பேட்டரியோடு சேர்த்து ஸ்டார்ட் செய்வதற்கு.

ஒரு கணக்கு: இரண்டு பட்டைகள் இரவு 10 மணி நேரம் விடாமல் ஓடினால் 160 ஆம்பியர்-மணி. 200 திறனுள்ள லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம். அதனால் வண்டி ஓடும்போதே டேங்கைச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

வாட்டர் ஹீட்டரில் தண்ணீர் நிற்காமல் வண்டிக்கு அடியில் கொட்டுகிறதே?
- அதே வாசகர்

டேங்க் ஓட்டை இல்லை. ட்ரூமா என்ற கம்பெனி வகை ஹீட்டர்களில் ஒரு பனிக்காப்பு வால்வு உண்டு. சுமார் 3 டிகிரிக்குக் கீழே அது தானாகத் திறந்து தண்ணீரை வெளியேற்றும், தானாக மூடாது. 7 டிகிரிக்கு மேல் இருக்கும்போது குமிழைத் திருப்பிப் பொத்தானை அமுக்கினால் மூடிக்கொள்ளும். லேயில் மூட மறுத்தால் வண்டிக்குள் ஹீட்டர் போட்டுச் சூடேற்றிய பிறகு முயலுங்கள். கம்பி வைத்துக் கட்டிவிடாதீர்கள். தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் விரியும், ஹீட்டர் பிளந்துவிடும்.

எங்கள் கேரவனில் கேஸ் ஃப்ரிட்ஜ் குளிரவே மாட்டேன் என்கிறது.
- வாசகர், திருவாரூர்

வண்டியின் வெளிப்பக்கக் காற்றுக் கிரில்லில் குளிர்கால மூடி மாட்டியிருக்கிறதா பாருங்கள். சுமார் 8 டிகிரிக்குக் கீழே மட்டும் மாட்ட வேண்டியது அது. நம் வெயிலில் பின்பக்கச் சூடு வெளியேற வழியில்லாமல் செய்துவிடும். கழற்றிவிட்டு, வண்டியைச் சமதரையில் நிறுத்தி ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

இங்கேயே டீசல் நிரப்பிக்கொண்டு லே போகலாமா?
- வாசகர், மன்னார்குடி

வேண்டாம். கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகு கெட்டிப்பட்டு ஃபில்டரை அடைக்கும். அதே டேங்கிலிருந்து உறிஞ்சும் ஹீட்டரும் கூடவே நிற்கும். லடாக்குக்கென்று இந்தியன் ஆயில் 2019-ல் கொண்டுவந்த குளிர்கால டீசல் மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும். டேங்க் கால்வாசி இருக்கும்படி போய்ச் சேர்ந்து, அங்கே அதைக் கேட்டு நிரப்புங்கள். நிரப்பியதும் ஹீட்டரை அரை மணி ஓட்டினால் அதன் குழாயில் தங்கிய நம்மூர் டீசல் தீர்ந்துவிடும்.