துணியின் மறுபக்கத்தைப் பாருங்கள்!

வாசகர் கேள்வி – பதில்

ஆப்பிரிக்க நெசவுகள், மரச்சிற்பங்கள், சடங்குப் பொருட்கள் ஆகியவற்றைச் சேகரிப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: கானாவின் அக்ரா நகரில் வேலை பார்க்கிறேன். ஊருக்கு வருமுன் நல்ல கென்டே துணி ஒன்று வாங்க ஆசை. சந்தையில் ஒரே மாதிரி தெரியும் துணிக்கு ஒருவர் சொல்லும் விலை இன்னொருவர் சொல்வதைவிடப் பத்து மடங்கு. எதை நம்புவது? – அக்ராவிலிருந்து ஒரு வாசகர்

விலையை மறந்துவிட்டு முதலில் துணியைத் திருப்பிப் பாருங்கள். அச்சிட்ட துணியென்றால் பின்பக்கம் வெளிறியிருக்கும். விசைத்தறியில் அகலமாக நெய்த போலியென்றால் பின்னால் நூல்கள் தளர்ந்து தொங்கும். கைத்தறிக் கென்டே இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும்.

அடுத்து தையல். கென்டேயை அகலத் துணியாக நெய்வதில்லை. சுமார் 8 முதல் 10 சென்டிமீட்டர் அகலமுள்ள நீண்ட பட்டைகளாக நெய்து, பிறகு பக்கம் பக்கமாக வைத்துத் தைப்பார்கள். ஆண்கள் போர்த்தும் பெரிய துணிக்கு ஏறக்குறைய 24 பட்டைகள் வேண்டும். எனவே பட்டைக்குப் பட்டை தையல் இருந்தாக வேண்டும். இரண்டு பட்டைகளைத் தையலோரம் மெல்ல இழுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கரை தெரியும். கட்டங்கள் பட்டைக்குப் பட்டை மாறி மாறிச் சதுரங்கப் பலகை போல அமையும். அந்தச் சேர்க்கையில் அங்கங்கே நூலளவு விலகல் இருப்பது கைவேலைக்கு இயல்பு, அதைக் குறையாக எண்ண வேண்டாம்.

இனி நெசவு. இந்தத் தறியில் இரண்டு ஜோடி விழுதுகள், அதாவது நூல்களைத் தூக்கி இறக்கும் கண்ணிகள், உண்டு. ஒரு ஜோடி சாதாரண நெசவுக்கு. மற்றது பாவு நூல்களை, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல்களை, கொத்துக் கொத்தாகத் தூக்கும். அப்போது குறுக்கே போடும் ஊடை நூல் பாவை முழுவதும் மூடிவிடும். கென்டேயின் அடர்த்தியான வண்ணக் கட்டங்கள் இப்படித்தான் பிறக்கின்றன. அந்தக் கட்டத்தை நகத்தால் விலக்கிப் பார்த்தால் அடியில் பாவின் நிறம் தெரியும். தெரிந்தால் தறியில் பிறந்தது என்று கொள்ளலாம்.

முடிந்தால் குமாசி நகருக்கு அருகில், அசாந்தே மக்களின் நெசவூரான பொன்விரேவுக்கே போங்கள். நெய்தவரின் பெயர், வடிவத்தின் பெயர், நூலின் வகை மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அசாந்தே நெசவில் பாவின் வண்ண வரிசைக்கே பெயர் உண்டு; 'ஓயோகோமான்' அவற்றில் புகழ்பெற்றது. 'அசாசியா' என்று சொல்லி யாராவது விற்க வந்தால் நின்று யோசியுங்கள். அது அசாந்தே அரசருக்கென ஒதுக்கப்பட்ட நெசவு, சந்தைக்கு வரும் சரக்கு அல்ல. எவே மக்களின் கென்டே வேண்டுமென்றால் வோல்டா பகுதியின் அக்போசுமே சந்தை சரியான இடம். அங்கே பெரும்பாலும் பருத்தி நூல். பறவை, மனிதர், நாற்காலி என உருவங்களையும் ஊடையில் கோத்து நெய்வார்கள்.

ஓர் எச்சரிக்கை: இன்றைய கென்டேயில் ரேயான் நூல் நிறைய. ரேயான் நனைந்தால் தன் வலுவை வெகுவாக இழந்துவிடும். சிவப்பும் கருப்பும் சாயம் விடும். ஊறவைத்துத் துவைத்துப் பிழிந்தால் பட்டைகள் வேறு வேறு அளவில் சுருங்கித் தையல் கோணிக்கொள்ளும். காற்றில் ஆறப்போடுங்கள், அது போதும்.

கேள்வி: மாலியின் போகோலான் துணி ஒன்று வைத்திருக்கிறேன். கருப்பு நிறம் உள்ள இடங்கள் மட்டும் இற்றுக் கிழிகின்றன, வெள்ளைக் கோடுகள் உறுதியாக இருக்கின்றன. பூச்சியா? – கோவை வாசகி

பூச்சி இல்லை. காரணம் அந்தக் கருப்பு உண்டான விதத்திலேயே இருக்கிறது.

மாலியின் பமானா மக்களிடம் ஆண்கள் பருத்திப் பட்டைகளை நெய்து தைத்துத் தருவார்கள், தீட்டுவது பெண்கள். முதலில் துணியை 'ங்கலாமா' மரத்தின் இலைச்சாற்றில் முக்குவார்கள். துவர்ப்புச் சத்து ஏறி மஞ்சளாகும். பிறகு குளம் குட்டையில் எடுத்து, பானையில் மாதக்கணக்கில் புளிக்கவைத்த சேற்றால் வடிவத்தைச் சுற்றியுள்ள இடத்தைத் தீட்டுவார்கள். சேற்றிலுள்ள இரும்பு துவர்ப்போடு சேர்ந்து கருப்பாகும். கழுவி, மறுபடி சாற்றில் முக்கி, மறுபடி சேறு பூசுவார்கள். கடைசியில் எஞ்சிய மஞ்சள் கோடுகளின் மேல் காரக் கலவை தடவி வெளுப்பார்கள். ஆக, வெள்ளைக் கோடு தீட்டிய கோடு அல்ல, விட்டுவைத்த கோடு. இதைத் தெரிந்துகொண்டால் போலியையும் பிடித்துவிடலாம். கருப்புத் துணிமேல் வெள்ளைச் சாயம் தடித்து உட்கார்ந்திருந்தால், அல்லது ஒரே வடிவம் அச்சுப் பிசகாமல் திரும்பத் திரும்ப வந்தால், அது தகட்டு அச்சு வைத்துச் சுற்றுலாச் சந்தைக்காகச் செய்தது.

இரும்பும் துவர்ப்பும் சேர்ந்த இந்தக் கருப்பு காலப்போக்கில் பருத்தி இழையைத் தின்னும். வெளிச்சமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். எலுமிச்சை, வினிகர், சலவைத்தூள் எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். கிழிசலுக்குப் பசை போடாதீர்கள். இறுகிய பசையின் ஓரத்தில் அடுத்த கிழிசல் தொடங்கும். கஞ்சி போகத் துவைத்து உலர்த்திய காடாத்துணியைப் பின்னால் வைத்து, மெல்லிய பருத்தி நூலால் பெரிய பெரிய தையலாகப் பிடியுங்கள். ஊசி உறுதியான வெள்ளைக் கோடுகளின் வழியே போகட்டும். தூசு எடுக்க, துணிமேல் நைலான் வலை விரித்து, தூசு உறிஞ்சும் கருவியைக் குறைந்த வேகத்தில் வைத்து வலைக்கு மேலாக நகர்த்துங்கள். வெயில் விழும் சுவரில் மாட்ட வேண்டாம்.

கேள்வி: காங்கோவின் குபா துணியைச் சட்டமிட்டு மாட்டலாமா? – திருச்சி வாசகர்

மாட்டலாம், கண்ணாடி துணியைத் தொடக் கூடாது. குபா துணி ராஃபியா பனையின் ஓலை நாரில் நெய்தது. நாரின் நீளம்தான் துணியின் அளவைத் தீர்மானிக்கிறது. அதனால்தான் துண்டுகள் சிறியவை. ஆண்கள் நெய்வார்கள், பெண்கள் பூவேலை செய்வார்கள். வெல்வெட் போல மொசுமொசுப்பாக இருக்கும் ஷோவா வகையில் ஒவ்வோர் இழையையும் நெசவுக்குள் நுழைத்துச் சிறு கத்தியால் இரு முனையையும் வெட்டுகிறார்கள். முடிச்சு கிடையாது. நெசவின் இறுக்கம் மட்டுமே இழையைப் பிடித்திருக்கிறது. பிரஷ் போட்டால் இழைகள் கையோடு வந்துவிடும்.

மடிக்காதீர்கள், உலர்ந்த ராஃபியா மடிப்பில் முறியும். குறைந்தது 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயில், பூவேலை வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டுங்கள். சட்டத்துக்குப் பருத்தி போர்த்திய பலகையில் ஓரங்களைத் தைத்துப் பொருத்தச் சொல்லுங்கள். அறையின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை இருப்பது நல்லது. மழைக்காலத்தில் பூஞ்சையும், குளிர்சாதனம் இடைவிடாமல் ஓடினால் முறிவும் வரும்.

கேள்வி: நைஜீரியாவில் சென்னைக் கட்டம்போட்ட துணியை வெட்டிச் சல்லடை போல ஆக்குகிறார்களாமே, உண்மையா? – சென்னை வாசகி

உண்மை, அழகான வேலையும்கூட. நைஜர் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள், சென்னையைச் சுற்றிய ஊர்களிலும் ஆந்திரத்தின் சீராலாவிலும் நெய்த கட்டத்துணியைத் தங்கள் மரபுத் துணியாகவே கொண்டாடுகிறார்கள். அவர்கள் அதை 'இஞ்சிரி' என்கிறார்கள். இழை வெட்டிய துணிக்குப் பெயர் 'பெலெட்டே பிட்டே'. புகுமா இதற்குப் பேர்போன ஊர்.

ஊசியால் ஓர் இழையைத் தூக்கி, பிளேடால் இரு முனையிலும் வெட்டி உருவுவார்கள். பெரும்பாலும் வெளிர்நிற இழைகள் போகும், அடர்நிறம் நிற்கும். தறியில் இல்லாத புதிய வடிவம் துணியில் தோன்றும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: ஒவ்வோர் இடைவெளியின் ஓரத்திலும் வெட்டிய நூலின் நுனி தெரிந்தால் கைவேலை. எந்திரத்தில் இடைவெளி விட்டு நெய்த துணியில் நுனிகள் இருக்காது. துவைத்தால் மிஞ்சிய இழைகள் நகர்ந்து வடிவம் குலையும். தட்டையாக விரித்தே வையுங்கள்.

திருமணத்திலும், பெரியவர்களின் இறுதிச் சடங்கில் அலங்கரிக்கும் அறைகளிலும் இடம்பெறும் துணி இது. ஆப்பிரிக்கத் துணி சேகரிக்க நினைக்கும் தமிழருக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் கிடையாது என்பது எங்கள் கருத்து.

கேள்வி: யொரூபா 'இபெஜி' இரட்டையர் பொம்மை ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. 100 ஆண்டுப் பழமை என்கிறார்கள். எப்படிச் சரிபார்ப்பது? – பெங்களூரு வாசகர்

தேய்மானம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று பாருங்கள். பழமைக்கான சாட்சி அதுதான்.

இரட்டையர் அதிகம் பிறக்கும் மக்கள் நைஜீரியாவின் யொரூபாக்கள். இரட்டையரில் ஒருவர் இறந்தால் அவருக்காக ஓர் உருவம் செதுக்குவார்கள். குழந்தையாகவே இறந்திருந்தாலும் உருவம் வளர்ந்தவருடையதாக இருக்கும். உயரம் பெரும்பாலும் 25 முதல் 30 சென்டிமீட்டர். தாய் அதைக் குளிப்பாட்டி, உணவு ஊட்டி, சிவப்பு மரப்பொடியைக் குழைத்துப் பூசி, மணிமாலை கட்டி வளர்ப்பார். கூந்தலுக்கு அவுரி நீலம். பிற்காலத்தில் சலவைக்குப் போடும் நீலமும் வந்தது.

எனவே கை அடிக்கடி படும் மூக்கு, கன்னம், நெற்றி ஆகியவை மழுங்கியிருக்க வேண்டும். அக்குளின் உட்புறம், கால்களின் இடைவெளி, காதின் பின்புறம் ஆகிய இடங்களில் வாய்ச்சி (மரம் செதுக்கும் கருவி) பதித்த வெட்டுத் தடம் இன்னும் கூர்மையாக இருக்க வேண்டும். அந்த இடுக்குகளில்தான் சிவப்புப் பொடி இறுகித் தங்கும். மணிக்கயிற்றை மெல்ல நகர்த்துங்கள்: இடுப்பிலும் கழுத்திலும் கயிறு உரசிய மெல்லிய பள்ளம், அதற்கடியில் வேறு நிறம் இருந்தால் நல்ல அறிகுறி. உடம்பு முழுக்க ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியில் இணைகோடுகளாகக் கீறல் தெரிந்தால் அது உப்புத்தாளின் வேலை. முகர்ந்தால் ஷூ பாலிஷ் வாடை அடிக்கிறதா என்றும் பாருங்கள். கரையான் அரித்த தடத்தை மட்டும் நம்ப வேண்டாம். புது மரத்தையும் மண்ணில் புதைத்து அரிக்க விடுகிறார்கள்.

முகமூடிக்கும் இதே வழிதான், உட்புறத்தை முதலில் பார்க்க வேண்டும். ஆடியவரின் நெற்றியும் கன்னமும் பட்ட இடம் வியர்வையால் கறுத்து வழவழப்பாக இருக்கும். விளிம்புத் துளைகளில் கயிறு இழுபட்ட பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும். துளை வட்டமாக, கூராக, சுற்றிலும் ஒன்றுபோல இருந்தால் அது எந்தக் கயிற்றையும் தாங்கியதில்லை.

பழமையாகத் தெரியும் எதையும் நைஜீரியாவிலிருந்து வெளியே கொண்டுவர அந்நாட்டு அருங்காட்சியக, நினைவுச்சின்ன ஆணையத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். கானாவிலும் இதே போன்ற வாரியம் உண்டு. புதிய சிற்பமாக இருந்தாலும் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்று கையிலிருந்தால் விமான நிலையத்தில் தகராறு இல்லை.

கேள்வி: 'நோக்' சுடுமண் சிற்பம், ஆய்வகச் சான்றுடன் கிடைக்கிறது. வாங்கலாமா? – சிங்கப்பூர் வாசகர்

வேண்டாம். நைஜீரியாவின் தொன்மையான நோக் சுடுமண் சிற்பங்கள், கொள்ளைபோகும் தொல்பொருள்கள் பற்றி 2000-ஆம் ஆண்டு சர்வதேச அருங்காட்சியகப் பேரவை வெளியிட்ட சிவப்புப் பட்டியலில் இருப்பவை. மாலியின் ஜென்னே பகுதிச் சுடுமண் உருவங்களும் அப்படியே. பிரான்ஸ் அரசே வாங்கிய நோக் சிற்பங்களின் மீதான நைஜீரியாவின் உரிமையை 2002-இல் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. ஆய்வகச் சான்று, மண் எப்போது சுடப்பட்டது என்று மட்டுமே சொல்லும். தோண்டியவர் யார், எப்படி எல்லை தாண்டியது என்று சொல்லாது. உடைந்த பழைய துண்டுகளை ஒட்டிப் புது உருவம் செய்து, பழைய பகுதியில் மாதிரி எடுக்கவைக்கும் ஏமாற்றும் உண்டு. சான்று உண்மையென்றால் களவுப்பொருள், பொய்யென்றால் போலி. இரண்டில் எதற்கும் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கென்யக் கடற்கரையின் உயரமான செதுக்கு மரத்தூண்களை வாங்கலாமா? – நைரோபியிலிருந்து ஒரு வாசகி

அவை 'விகாங்கோ'. மிஜிகெண்டா மக்கள் தங்கள் மூத்தோருக்காக நடும் நினைவுத்தூண்கள். நட்ட இடத்திலிருந்து நகர்த்தக் கூடாது என்பது அவர்களின் நம்பிக்கை. நகர்ந்தால் குடும்பத்துக்குத் தீங்கு வரும் என்று அஞ்சுகிறார்கள். இரவோடிரவாகப் பிடுங்கி விற்கப்பட்டவை அமெரிக்க அருங்காட்சியகங்கள் வரை போயின. டென்வர் அருங்காட்சியகம் 2019-இல் 30 தூண்களைத் திருப்பி அனுப்பியது. வீட்டு மூலையில் நிற்கவைக்க ஒருபோதும் வாங்காதீர்கள். கென்யாவில் கற்றாழை நாரில் பெண்கள் பின்னும் 'கியோண்டோ' கூடைகளைத் தேடுங்கள். தொடையில் உருட்டித் திரித்த நாரில் தடிமன் ஏறி இறங்கும், ஆலை நூலில் ஏறி இறங்காது.

கேள்வி: முகமூடியிலிருந்து மாவு உதிர்கிறது. வேப்பெண்ணெய் தடவலாமா? – மதுரை வாசகர்

எண்ணெய் கூடாது. அது மரத்தின் மேற்படிவை நிரந்தரமாக மாற்றிவிடும், உள்ளே இருக்கும் புழுவையும் தொடாது. கருப்புத் தாள்மேல் ஒரு வாரம் வையுங்கள். புது மாவு விழுந்தால் உளுப்பூச்சி உயிரோடு இருக்கிறது. மாவு இல்லையென்றால் பழைய துளைகள்தான்.

உயிரோடு இருந்தால், மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, தடித்த பாலிதீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி ஒட்டுங்கள். ஏற்கெனவே நன்றாகக் குளிர்ந்த ஃப்ரீசரில் நேராக வையுங்கள்; மெதுவாகக் குளிர்ந்தால் பூச்சி குளிருக்குப் பழகித் தப்பிவிடும். மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம். வெளியே எடுத்த பின் 24 மணி நேரம் பையைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் காற்றின் ஈரம் மரத்தின் மேல் துளிர்க்கும். ஒரு நாள் விட்டு மறுமுறையும் உறையவைப்பது பாதுகாப்பு. வண்ணம் பெயர்ந்துகொண்டிருந்தாலோ, மணிகள் இறுகக் கோத்திருந்தாலோ, மெழுகு பூசியிருந்தாலோ இந்த வழி வேண்டாம். பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டுங்கள்.

கேள்வி: யானைத்தந்த வளையல் கொண்டுவரலாமா? – சேலம் வாசகி

கூடாது. சிறுத்தைத் தோல் வைத்த தலைப்பாகையும் கூடாது.

கேள்வி: பொருட்களில் எண் எழுதி வைப்பது எப்படி? – யாழ்ப்பாண வாசகர்

துணிக்கு: துவைத்த பருத்தி நாடாவில் அழியாத மையால் எண் எழுதி, காயவைத்து, பின்பக்க ஓரத்தில் நாலு தையல் போட்டுப் பொருத்துங்கள். ஸ்டிக்கர் ஒட்டினால் பசை கறையாகும். மரத்துக்கு: அடிப்பாகத்தில், கண்ணில் படாத இடத்தில், அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் பாராலாய்ட் பி-72 என்ற பிசின் கரைசலை விரல்நகம் அளவு பூசி, காய்ந்ததும் அதன்மேல் எண், மறுபடி ஒரு பூச்சு. வேண்டாதபோது அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்தெடுத்துவிடலாம். அதே எண்ணில் பதிவேட்டில் வாங்கிய இடம், நாள், விற்றவர், செய்தவர், அளவு, ரசீது, அனுமதிச் சீட்டின் நகல் ஆகியவற்றோடு முன்பக்கம், பின்பக்கம், குறை உள்ள இடம் என மூன்று படங்களையும் சேர்த்து வையுங்கள்.