வாசகர் கேள்வி: ரேடியேற்றரை மாற்றுவதா, கழுவுவதா?

கேள்வி: என்னுடைய பழைய காரில் கூலன்ற் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறையும்போதெல்லாம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றி வந்தேன். இப்போது ரேடியேற்றர் தண்ணீர் செங்கல் நிறமாக இருக்கிறது; தூரப் பயணங்களில் வெப்பம் காட்டும் முள்ளும் மேலே ஏறுகிறது. ரேடியேற்றரை மாற்றச் சொல்கிறார்கள். முதலில் வீட்டிலேயே கழுவிப் பார்க்கலாமா?
- வாசகர் ஒருவர், கொக்குவில்

பதில்: தாராளமாகக் கழுவிப் பார்க்கலாம்; மாற்றுவதற்கு முன் அதைச் செய்வதுதான் முறையும்கூட. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகளில் ஊறுவது சுண்ணாம்புக் கல்லினூடாக வரும் நீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது போலவே அந்த நீரிலுள்ள சுண்ணாம்பு ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படிந்து, வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கிறது. செங்கல் நிறம் பெரும்பாலும் எஞ்சினின் இரும்புப் பகுதியிலிருந்து வரும் துருவாகும்.

எஞ்சின் முற்றாக ஆறிய பின்னரே மூடியைத் திறவுங்கள். அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் நீர் 100 பாகை செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடி கழன்ற கணமே கொதித்து முகத்தில் பீறிடும். ரேடியேற்றரின் அடியிலுள்ள திருகைத் திறந்து பழைய நீரை ஒரு பேசினில் ஏந்திக்கொண்டு, திருகை மூடிச் சுத்தமான நீரை நிரப்பி, ஹீற்றர் இருந்தால் அதை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓடவிடுங்கள். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். சூடேறிய பின்னரே நீரை ரேடியேற்றருக்கு விடும் வால்வான தேர்மோஸ்ரற் ஏறத்தாழ 80 முதல் 90 பாகையில்தான் திறக்கும். அதுவரை எஞ்சினுக்குள் சுற்றும் நீர் ரேடியேற்றருக்கு வராது. ஆகவே மேல் ரப்பர் குழாய் நன்றாகச் சூடேறும்வரை காத்திருந்து, எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு வடியுங்கள். சூட்டோடு குளிர்ந்த நீரை ஊற்றினால் எஞ்சின் ஹெட்டில் (எஞ்சினின் மேற்பகுதியில்) வெடிப்பு விழக்கூடும். வடியும் நீர் தெளியும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள்.

வெறும் நீர் துருச் சேற்றை அகற்றும். இறுகிய சுண்ணாம்பை அகற்றாது. அதற்கென விற்கப்படும் ரேடியேற்றர் கிளீனரை, போத்தலில் குறிப்பிட்டபடி ஒரு முறை பயன்படுத்தலாம். கழிப்பறை கழுவும் அமிலத்தை ஒருபோதும் ஊற்ற வேண்டாம். அது அலுமினியத்தைத் தின்றுவிடும்.

கடைசி அலசலுக்குக் கிணற்று நீர் வேண்டாம். காய்ச்சி வடித்த நீரே (டிஸ்ரில்ட் வோட்டர்) வேண்டும். அலசிய நீரைத் திறந்துவிட்ட பின்னும் எஞ்சினுக்குள் ஓரளவு நீர் தங்குவதால், ஏற்கெனவே நீர் கலந்து விற்கும் கூலன்ற் மேலும் நீர்த்துப்போகும். எனவே செறிவான கூலன்ற்றை வாங்குங்கள். மொத்தக் கொள்ளளவு 6 லீற்றர் என்றால் முதலில் 3 லீற்றர் கூலன்ற்றை ஊற்றி, மிகுதியைக் காய்ச்சி வடித்த நீரால் நிரப்பி, மூடியைத் திறந்தபடி எஞ்சினைச் சற்று ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றுங்கள்.

பழைய கூலன்ற்றை வளவில் ஊற்றிவிடாதீர்கள். அதிலுள்ள எதிலீன் கிளைக்கோல் இனிப்பான நஞ்சு. நாயும் ஆடும் விரும்பிக் குடித்து இறக்கும். நமது சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் வழியே அது கிணற்றையும் சென்றடையலாம். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது பட்ட பாட்டை நாம் மறந்துவிடக் கூடாது. மூடியுள்ள கலனில், எண்ணெயோடு கலக்காமல் சேர்த்துவைத்து, கழிவு ஏற்கும் கராஜ் ஒன்றில் ஒப்படையுங்கள்.

இதன் பிறகும் முள் ஏறினால் தேர்மோஸ்ரற், விசிறி, வோட்டர் பம்ப் ஆகியவற்றை இந்த ஒழுங்கிலேயே பரிசோதிக்கச் சொல்லுங்கள். அவை சரியாக இருந்தால் மட்டும் புதிய ரேடியேற்றருக்குப் பணம் செலவிடுங்கள்.