கார்டு இருந்தும் காம்ப் வரவில்லையே, ஏன்?

கேள்வி: பயணம் போகும்போது கேசினோவில் சில மணி நேரம் பிளாக்ஜாக் சீட்டாட்டம் ஆடுவேன். மெம்பர் கார்டும் இருக்கிறது. கூட வரும் நண்பருக்கு மட்டும் இலவச அறை, சாப்பாடு என்று காம்ப் வந்துகொண்டே இருக்கிறது, எனக்கு ஒன்றுமே இல்லை. அவர் அப்படி என்ன செய்கிறார்?

பதில்: நண்பர் ஆடுவது ஸ்லாட் மெஷினா? ஆமாம் என்றால் பாதி பதில் அதிலேயே இருக்கிறது. நீங்கள் அன்றைக்கு ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்பதை வைத்து காம்ப் வருவதில்லை. இந்த ஆட்டத்தை இந்தப் பந்தயத்தில் இத்தனை மணி நேரம் ஆடுகிறவர் கணக்குப்படி எவ்வளவு தோற்க வேண்டும் என்று ஒரு தொகை போட்டுவைப்பார்கள், கேசினோக்காரர்கள் அதைத் தியோ என்பார்கள், அதில் ஒரு பங்குதான் அறையாகவும் சாப்பாடாகவும் உங்களுக்குத் திரும்ப வருகிறது.

ஒரு கணக்கு போடுவோம். நீங்கள் கைக்கு (ஒரு சுற்று ஆட்டத்துக்கு) 25 டாலர், மணிக்கு 60 கை, 4 மணி நேரம் என்றால் மேஜையில் புரள்வது 6000 டாலர். கேசினோவின் சாதகம், அதாவது பந்தயப் பணத்தில் சராசரியாக அதற்கே நிற்கும் பங்கு, 1 சதவீதம் என்று வைத்தால் தியோ 60 டாலர். நண்பர் ஒரு சுற்றுக்கு 1 டாலர்தான் போடுகிறார், ஆனால் மெஷினில் மணிக்கு 600 சுற்று ஓடும், 4 மணி நேரத்தில் 2400 டாலர், அங்கே சாதகம் 8 சதவீதம் என்றால் தியோ 192. இருவருக்கும் 30 சதவீதம் திருப்பித் தருவதாக வைத்தால் உங்களுக்கு 18 டாலர், அவருக்கு ஏறக்குறைய 58. அவருக்குக் கிடைக்கும் அறை இலவசம் மாதிரி தெரியும், ஆனால் அதற்கான பணம் ஏற்கெனவே மெஷினுக்குள் போய்விட்டது. தயவுசெய்து அவரைப் பார்த்து ஸ்லாட் பக்கம் போய்விடாதீர்கள்.

உங்கள் ஆட்டத்துக்கு உரியதை விடாமல் வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. மேஜையில் உட்கார்ந்ததும், முதல் பந்தயம் வைப்பதற்கு முன்பே, பணத்தோடு கார்டையும் டீலர் முன்னால் வையுங்கள். பாக்கெட்டில் இருக்கும் கார்டுக்கு ஒரு பாயிண்ட்டும் ஏறாது. மேஜையைக் கவனிக்கும் சூப்பர்வைசர்தான் உங்கள் சராசரி பந்தயத்தைக் கண்ணால் பார்த்துக் குறிக்கிறார், ஒவ்வொரு கையையும் அவர் எண்ணிக்கொண்டிருக்க முடியாது. அதனால் ஆட்கள் நிறைந்த, மெதுவாக ஓடும் மேஜை உங்களுக்கு நல்லது: கணக்கில் அதே மணி நேரம்தான் ஏறும், உண்மையில் ஆடிய கை குறைவு, தோற்கிற பணமும் குறைவு. எழுந்து போகும்போது ரேட்டிங், அதாவது அவர் குறித்த பந்தயமும் நேரமும், பதிவாகிவிட்டதா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

இன்னொன்று, பலருக்கும் இது தெரிவதில்லை. பிறகு வரும் சலுகைகளைப் பெரும்பாலும் தியோவின் ஒரு நாள் சராசரியை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஒரு நாள் 4 மணி நேரம் ஆடிவிட்டு மறுநாள் கிளம்பும் அவசரத்தில் கார்டைச் செருகிப் பத்து நிமிடம் ஆடினால், அந்தப் பத்து நிமிடம் உங்கள் சராசரியைக் கிட்டத்தட்ட பாதியாக்கிவிடும். ஆடுவதாக இருந்தால் ஒரே நாளில் ஆடி முடியுங்கள். அப்புறம், அறை எடுத்துத் தங்கினால் சாப்பாட்டு பில்லை அறைக் கணக்கில் ஏற்றிவிட்டு, காலி செய்வதற்கு முன் ஹோஸ்டிடமோ (ஆட வருபவர்களைக் கவனித்துக்கொள்ளும் ஊழியர்) மெம்பர் கவுன்டரிலோ, “என் ஆட்டத்துக்கு இதில் ஏதாவது கழிக்க முடியுமா?” என்று கேளுங்கள். கையில் பணமாகக் கட்டிவிட்டால் அப்புறம் கழித்துத் தருவது கஷ்டம். கேட்காதவருக்கு அவர்களாக வந்து கொடுப்பது அபூர்வம்.

பிளாக்ஜாக்குக்கு, அதாவது முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால், 2-க்கு 3 கொடுக்கும் மேஜையாகப் பார்த்து உட்காருங்கள். 5-க்கு 6 என்று எழுதியிருந்தால் கேசினோவின் சாதகம் சுமார் 1.4 சதவீதம் கூடிவிடும், அந்த நஷ்டத்தை எந்த காம்ப்பும் ஈடு செய்யாது.

கேள்வி: பாயிண்ட்டைச் செலவு செய்தால் மெம்பர் கார்டில் என் சில்வர், கோல்டு நிலை இறங்கிவிடுமா?

பதில்: பொதுவாக இறங்காது. செலவு செய்யும் பாயிண்ட் வேறு, நிலையைத் தீர்மானிக்கும் கிரெடிட் வேறு, இரண்டும் தனித்தனிக் கணக்கு. “இன்று 5 மடங்கு பாயிண்ட்” என்று அறிவிக்கும் நாட்களில்கூடப் பல இடங்களில் நிலைக்கான கிரெடிட் பெருகுவதில்லை. கொஞ்ச காலம் போகாமல் இருந்தால் பாயிண்ட் காலாவதியாகும், சேர்த்துவைத்துப் பயனில்லை, செலவு செய்துவிடுங்கள். ஒரு கேசினோவில் உயர்ந்த நிலை இருந்தால் அந்தக் கார்டை வேறொரு கேசினோவில் காட்டி அதே நிலை தருவார்களா என்று கேட்கலாம், சில இடங்களில் தருகிறார்கள்.

கேள்வி: அடுத்த நிலைக்கு 400 கிரெடிட்தான் குறைகிறது, வருட முடிவுக்குள் போய் ஆடிவிடலாமா என்று தோன்றுகிறது. உண்மையைச் சொன்னால், சலுகை மெயில் வரும்போதெல்லாம் போகாமல் இருக்க முடியவில்லை.

பதில்: முதலில் கிரெடிட் கணக்கு. ஸ்லாட்டில் 5 டாலர் பந்தயத்துக்கு ஒரு கிரெடிட் என்றால், 400 கிரெடிட்டுக்கு 2000 டாலர் புரள வேண்டும், 8 சதவீத சாதகத்தில் எதிர்பார்க்கும் நஷ்டம் 160 டாலர். அது சராசரிதான், அன்றைக்கு அதைப்போல மூன்று மடங்கு போனாலும் ஆச்சரியமில்லை. மேல்நிலையில் கிடைக்கும் தனி வரிசை, இலவச பார்க்கிங், அறைத் தள்ளுபடி இவற்றில் எதை நீங்களே காசு கொடுத்து வாங்கியிருப்பீர்களோ அதை மட்டும் கூட்டிப் பாருங்கள். 160-ஐத் தாண்டுவது அரிது. போக வேண்டாம்.

உங்கள் கேள்வியின் கடைசி வரிதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. அந்த மெயில் யாரோ யோசித்து உங்களுக்காக எழுதியது இல்லை, உங்கள் கார்டில் பதிவான ஆட்டத்தைப் பார்த்து, எவ்வளவு கொடுத்தால் நீங்கள் மறுபடி வருவீர்கள் என்று கணக்கிட்டு அனுப்புவது. அமெரிக்காவின் ஹாராஸ் கேசினோ நிறுவனம் 1997-ல் தன் கேசினோக்களுக்கெல்லாம் ஒரே கார்டைக் கொண்டுவந்ததிலிருந்து, இந்தத் தொழிலில் இந்தக் கணக்கு மிக நுணுக்கமாக வளர்ந்துவிட்டது. அதனால் உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். இந்த வாரமே மெம்பர் கவுன்டருக்கு எழுதி, எல்லாச் சலுகை அறிவிப்புகளையும் நிறுத்தச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் கால் அங்கேயே இழுத்தால், தன்னைத் தானே விலக்கிக்கொள்ளும் பதிவு பல கேசினோக்களில் உண்டு, அதில் கையெழுத்துப் போட்டால் குறிப்பிட்ட காலத்துக்கு உங்களை உள்ளே விடமாட்டார்கள், மெயிலும் வராது. மிச்சமிருக்கும் பாயிண்ட்டுகள் போய்விடுமே என்று தயங்கவே தயங்காதீர்கள், வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லி அவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பதிவு செய்யுங்கள்.