‘அடங்காதவர்கள்’

அன்புள்ள ஐயா,

முதுகலை வரலாறு படிக்கிறேன். இன்று பாகிஸ்தானில் இருக்கும் வடமேற்கு எல்லை மாகாணத்தின் நிர்வாகம் பற்றிக் கருத்தரங்குக் கட்டுரை எழுதுகிறேன். 1901-ல் வைஸ்ராய் கர்சன் அதைப் பஞ்சாபிலிருந்து பிரித்தது ஏன்? 2010-ல் கைபர் பக்துன்க்வா என்று பெயர் மாற்றியது எதற்கு? அங்கே வாழும் பதான்கள் இயல்பிலேயே சட்டத்துக்கு அடங்காதவர்கள், அதனால் ஆங்கிலேயருக்கு வேறு வழியில்லை என்று கட்டுரையை முடிக்கலாமா?

ச.

அன்புள்ள ச.,

முதல் இரண்டு கேள்விகளுக்கும் நூலகத்திலேயே விடை இருக்கிறது. பஞ்சாப் அரசு இருந்த லாகூரை நடுவில் வைக்காமல் எல்லையை நேராகத் தன் கையில் வைத்துக்கொள்ள விரும்பினார் கர்சன். ‘வடமேற்கு’ என்பது திசை. அங்கே வாழும் பக்தூன்கள், அதாவது பதான்கள், தங்கள் பெயரைக் கேட்டார்கள், கிடைத்தது. அவ்வளவுதான்.

மூன்றாவது கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. கொஞ்ச நாளாகவே இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். முதுகலை படிக்கிற பிள்ளை, அதிகாரி எழுதிவைத்த குறிப்பை அப்படியே திருப்பி எழுதலாமா?

அதே 1901-ல் வந்த எல்லைக் குற்ற ஒழுங்குமுறைச் சட்டத்தை ஒரு தடவையாவது எடுத்துப் படித்தீர்களா? மலைப்பகுதியில் ஒருவன் குற்றம் செய்தால் அவன் குலத்தையே பிடிக்கலாம், சொத்தைப் பறிக்கலாம், வழியை அடைக்கலாம். வக்கீல் கிடையாது, உயர்நீதிமன்றத்தில் முறையீடு கிடையாது. பெரியவர்கள் கூடும் சபையான ஜிர்காவுக்கு ஆள் பொறுக்குவதும் தீர்ப்புச் சொல்வதும் அரசியல் முகவர் என்ற ஒரே அதிகாரி. ‘எல்லை காந்தி’ கான் அப்துல் கஃபார் கான் 1921-ல் தன் ஊரான உத்மான்சாயில் பள்ளிக்கூடம் தொடங்கினார். நன்னடத்தைக்கு ஜாமீன் கேட்டார்கள், மறுத்தார். இந்தச் சட்டத்தின் 40-வது பிரிவில் மூன்று வருடம் சிறை. பள்ளிக்கூடம் கட்டியவரா அடங்காதவர்?

எங்கள் தாத்தா உசிலம்பட்டிப் பக்கம். குற்றப் பரம்பரைச் சட்டத்தை எங்கள் ஊரில் ரேகைச் சட்டம் என்பார்கள். பிறந்த சாதிக்காகவே கைரேகை வைத்தார். ராத்திரியானால் சாவடியில் போய்ப் படுத்தார். ரேகை வைக்க மறுத்தவர்களை 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் சுட்டார்கள். 1947-ல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. நான் சிறுவனாக இருந்தபோதும் பொழுது சாய்ந்தால் தாத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாவடிக்குக் கிளம்பிவிடுவார். “வீட்டுல படுத்தா அவருக்குத் தூக்கம் பிடிக்காதுய்யா” என்பாள் அப்பத்தா. எங்களையும் ‘அடங்காதவர்கள்’ என்றுதான் எழுதிவைத்தார்கள்.

வசீரிஸ்தான், குர்ரம், பஜௌர் மலைப்பகுதி மக்களுக்கு 1947-லும் விடியவில்லை. ஆங்கிலேயன் போனான், அவன் சட்டத்தைப் பாகிஸ்தான் பத்திரமாக வைத்துக்கொண்டது. மலிக்குகள் எனும் குலத்தலைவர்களுக்கு மட்டுமே இருந்த ஓட்டு 1997 தேர்தலில்தான் வயதுவந்த எல்லாருக்கும் கிடைத்தது. கூட்டுத்தண்டனையிலிருந்து பெண்களையும் குழந்தைகளையும் விலக்க 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டம் போனதும் அந்தப் பகுதிகள் மாகாணத்தோடு இணைந்ததும் 2018-ல். நூற்றுப்பதினேழு வருடம், தம்பி! நீதிமன்றத்தையே கண்ணில் காட்டாமல் வைத்துவிட்டு, சட்டத்துக்கு அடங்கவில்லை என்பது என்ன நியாயம்?

உங்கள் மேல் கோபமில்லை. கேட்கத் தோன்றியதே நல்லது. அந்தக் கடைசிப் பத்தியை அடித்துவிட்டுச் சட்டத்தின் பிரிவுகளை ஒவ்வொன்றாகப் படித்து எழுதுங்கள். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், கருத்தரங்குக்கு முன்னாலேயே படித்துச் சொல்கிறேன்.