அடுக்ககத்தில் தண்ணீர் லாரிச் செலவு எகிறுகிறது, மன வரைபடம் போட்டால் வழி கிடைக்குமா? (பெங்களூரு)

கிடைக்கும். மன வரைபடம் என்றால் தாளின் நடுவில் ஒரு விஷயத்தை எழுதி, அதிலிருந்து கிளை கிளையாகப் பிரித்து வரைவது. ஆனால் நடுவில் 'தண்ணீர்ப் பிரச்சினை' என்று எழுதினால் படம் ஊரெல்லாம் சுற்றும். 'இத்தனை லாரி ஏன்?' என்று கேள்வியாகவே எழுதுங்கள். போர்வெல், காவிரி இணைப்பு, கசிவு, வீட்டுப் பயன்பாடு என்று கிளை பிரியும். ஒவ்வொன்றிலும் மறுபடி 'ஏன்' கேளுங்கள். கசிவைப் பிடித்துப் போனால் சம்ப் (நிலத்தடித் தொட்டி), பழுதான மிதவை வால்வு, ராத்திரியெல்லாம் வழியும் மேல்தொட்டி என்று நீளும். அப்புறம், மோட்டார் வீணாக ஓடுவதால், அந்தத் தொட்டியிலிருந்து மின்கட்டணத்துக்கும் ஒரு கோடு போகும். பட்டியலில் இது கண்ணில் படாது.

காவிரி நீர் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருந்து வருகிறது. அது உங்கள் கையில் இல்லை, அந்தக் கிளையை விடுங்கள். வீட்டுப் பயன்பாட்டுக் கிளையில் ஏரேட்டர் (குழாய் முனையில் மாட்டி, நீரோடு காற்றைக் கலந்து செலவைக் குறைப்பது) மாட்டலாம், 2024 தட்டுப்பாட்டில் குடிநீர் வாரியமே அதைக் கட்டாயமாக்கியது. 1970-களில் மன வரைபட முறையைப் பரப்பிய டோனி பூசான் வண்ணங்களை வலியுறுத்தினார். எனக்கு பென்சிலே போதும்.